போன் சொன்ன மைனஸ் பதினெட்டு: இணைப்புக் கருவிகளும் கல்லடியின் சிறு வணிகமும்

மட்டக்களப்பின் கல்லடியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மீன் வாங்கி விற்கும் மாமா ஒருவர், சென்ற வருடம் தன் பிறீசருக்குள் ஒரு சின்னக் கருவியை ஒட்டினார். தீப்பெட்டி அளவுதான். உள்ளே எத்தனை பாகை குளிர் என்பதைக் கடையின் வைபை வழியாக அவருடைய போனுக்குச் சொல்லும். மைனஸ் 15க்கு மேல் ஏறினால் சத்தம் போடும். முதல் வாரம் கடைக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் போனை நீட்டிக் காட்டினார். சில மாதம் கழித்து, மாரி மழை கொட்டிய ஓர் இரவில் கரண்ட் போனது. விடியப்புறம் படுக்கையில் இருந்தபடி போனைப் பார்த்தார். மைனஸ் 18 என்று இருந்தது. நிம்மதியாகத் தேநீர் குடித்துவிட்டுக் கடைக்குப் போய் மூடியைத் திறந்தால் இறால் தண்ணீர் விட்டுக் கிடந்தது.

“போன்ல மைனஸ் பதினெட்டுண்டுதானே கிடந்திச்சு மனே. மறுகா ஏன் இறால் இப்பிடிக் கிடக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

கருவிக்குள் பற்றரி இருந்தது. ரவுட்டருக்கு இல்லை. கரண்ட் போன கணமே ரவுட்டரும் அணைந்துவிட்டது. கருவி இரவு முழுக்கச் சரியாகத்தான் அளந்திருக்கிறது, சொல்லத்தான் வழியில்லை. போனோ தான் கடைசியாகக் கேட்ட எண்ணையே விடியும்வரை காட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மங்கலான சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில், கடைசியாகச் செய்தி வந்த நேரம் இருந்தது. மாமா அதை வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

இந்தச் சம்பவத்தில் கெட்டுப்போன கருவி எதுவும் இல்லை. அளக்கும் கருவி கடைக்குள் இருந்தது. அது நம்பியிருந்த மின்சாரம், சிக்னல், வெளிநாட்டுச் சேவர், விற்றவரின் உதவி எல்லாம் கடைக்கு வெளியே இருந்தன. சிறு வணிகங்கள் இத்தகைய கருவிகளோடு படும் சிரமங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை அந்த வெளிப்பக்கத்தில்தான் நிகழ்கின்றன. கருவிக்கு விலைச்சீட்டு உண்டு. அதைத் தாங்கிநிற்கும் சங்கிலிக்கு யார் பொறுப்பு என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருப்பதில்லை.

ஓசைப்படாமல் வந்தவை

“பொருட்களின் இணையம்” என்ற தொடரை 1999இல் கெவின் ஆஷ்டன் என்ற பிரித்தானியர் முதலில் பயன்படுத்தினார். புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, குறிப்பிட்ட நிற லிப்ஸ்டிக் ஒன்று கடைத்தட்டில் அடிக்கடி தீர்ந்துபோவதை மேலிடத்துக்கு உடனே தெரியவைப்பது எப்படி என்ற யோசனையில் பிறந்த பெயர் அது. பொருள் தானே பேச வேண்டும், மனிதன் போய் எண்ணக்கூடாது என்பதே அடிப்படை.

கல்லடிக்கு அது அந்தப் பெயரோடு வரவில்லை. முதலில் கடைவாசலில் சிசிடிவி கமரா. பிறகு கல்லாவில் வங்கி அட்டை இயந்திரம், லொறியில் ஜிபிஎஸ், கூரைச் சூரியத் தகட்டின் இன்வேட்டர், கடற்கரை விடுதியின் இலக்கப் பூட்டு. ஒவ்வொன்றும் தனித்தனித் தேவைக்காக, தனித்தனி ஆள் கையால் வந்தது. மொத்தமாக உட்கார்ந்து திட்டமிட்டு வாங்கியவர் அரிது. பெரிய நிறுவனங்களின் கதையும் இதைவிட அழகானதல்ல. அமெரிக்கா, பிரித்தானியா, இந்தியா ஆகிய நாடுகளில் 1,845 நிர்வாகிகளிடம் விசாரித்து சிஸ்கோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய முயற்சிகளில் 60 சதவீதம் வெள்ளோட்ட நிலையிலேயே நின்றுவிட்டன. தங்கள் முயற்சி முழு வெற்றி என்று சொன்ன நிறுவனங்கள் 26 சதவீதம்தான். காசும் பொறியியலாளரும் உள்ளவர்களுக்கே இந்த நிலை.

கரண்டும் சிக்னலும்

இலங்கையில் இதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதல் அத்தியாயம் மின்சாரம்தான். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை வெட்டினார்கள். நெருக்கடி தணிந்த பிறகும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியது என்று அமைச்சர் சொல்ல, அந்தக் குரங்கு ஒரு வாரம் ஊர்ச் சிரிப்பாக இருந்தது. ஆனால் ஒரு மூலையில் நடந்த கோளாறு முழுத் தீவையும் அணைக்க முடியும் என்பது சிரிக்கும் விஷயமல்ல.

கரண்ட் போனால் மூன்று படியாக இருட்டு வரும். முதலில் கடையின் ரவுட்டர். சில மணிநேரத்தில், பற்றரி தீர்ந்ததும், பக்கத்துச் சிக்னல் கோபுரம். கடைசியில் கருவியை நம்பிய பொருள் கெடத் தொடங்கும். எந்த நேரத்தில் எச்சரிக்கை கட்டாயம் வந்தாக வேண்டுமோ, அதே நேரத்தில்தான் வரமுடியாமல் போகிறது. ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ் போட்டால் முதல் படியைத் தாண்டலாம். சிம் அட்டையோடு எஸ்எம்எஸ் அனுப்பும் கருவியானால் இரண்டாவது படிவரை தாக்குப்பிடிக்கும். இரண்டும் கைவிட்டாலும், பற்றரியில் ஓடும் ஒரு மணி கடைக்குள்ளேயே அலறினால் அயல்வீட்டார் எழும்புவார்கள். இவை பெரிய செலவல்ல. ஆனால் கருவிப் பெட்டிக்குள் இவை வருவதில்லை. வாங்குபவரே யோசித்துச் சேர்க்க வேண்டும்.

கூரைச் சூரியமின்சாரம் இதே பாடத்தை வேறுவிதமாகச் சொல்கிறது. கூரை நிறையத் தகடு போட்ட கடைக்காரர் கரண்ட் வெட்டு நேரத்திலும் தன் கடையில் வெளிச்சம் இருக்கும் என்று எண்ணுகிறார். பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர், பொது மின்வலை அணைந்தால் தானும் அணையும்படி செய்யப்பட்டது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவரின் உயிர் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. உச்சி வெயிலில், தகடுகளுக்குக் கீழே, மெழுகுதிரி ஏற்றிய அனுபவம் பலருக்கு உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இன்னொரு விநோதம். தொழிற்சாலைகள் மூடிக் கிடக்க, மின்தேவை சரிய, கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்துவைக்கும்படி இலங்கை மின்சார சபை உரிமையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. இன்வேட்டர்கள் போனுக்குப் பேசக் கற்றிருந்தன. மின்சார சபையோடு பேசும் ஏற்பாடுதான் இல்லை. ஆகவே கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது.

உப்பு

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுக்கமான நிலம் கல்லடி. இரண்டு பக்கமும் உப்புக்காற்று. இங்கே சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட மறந்தவருக்கு என்ன நடக்கும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இலத்திரனியல் கருவி அந்தச் செயினைவிட மெல்லியது. செருகும் இடத்தில் பச்சை படியும், கமராக் கண்ணாடியில் பனிமூட்டம் கட்டும், திருகாணி பிடித்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் உத்தரவாதக் காலம் குளிரூட்டிய அறைக்கு எழுதியது. நம் வாடிக்கு அல்ல.

இதற்குக் கண்ணெதிரே சாட்சியும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து நாவலடியையும் கல்லடியின் கடற்பக்கத்தையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, இலங்கைக் கரையோரம் நெடுக 77 முன்னெச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. கொழும்பிலிருந்து அனுப்பும் செய்தியைக் கேட்டு ஒலிக்கும் கருவிகள் அவை. காலப்போக்கில் பல செயலிழந்தன. எழுப்புவதற்கு உதவிப்பணம் வந்தது. வருடாவருடம் துடைத்து, மாற்றி, சோதிப்பதற்கான பணமும் ஆளும் அதே வேகத்தில் வரவில்லை. இவ்வளவு பெரிய காரணத்துக்காக எழுந்த கருவிக்கே இந்தக் கதி என்றால், இறால் பண்ணையில் மிதக்கும் ஒட்சிசன் மானியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அந்த மானியைக் கொஞ்சம் பார்ப்போம். ஆந்திரக் கரையோரத்து இறால் வளர்ப்பாளர்கள் குளத்து நீரின் ஒட்சிசனை அளந்து போனுக்கு அனுப்பும் கருவிகளைப் பத்து வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்திவருகிறார்கள். விஜயவாடாவில் தொடங்கிய எருவாகா நிறுவனம் அதில் முன்னோடி. விடியப்புறத்தில் ஒட்சிசன் சரிந்தால் இறால் மொத்தமாகச் செத்துப்போகும். ஆகவே கருவியால் பயன் பெரிது. ஆனால் நீரில் கிடக்கும் எந்த மானியிலும் பாசி படியும். படிந்தால் மெல்ல மெல்லப் பொய் சொல்லும். சட்டென்று நின்றுபோகும் கருவியைவிட, பொய் சொல்லிக்கொண்டே ஓடும் கருவி ஆபத்தானது. ஆகவே யாராவது ஒருவர் இறங்கித் துடைத்து, வேறொரு மானியால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காவல்காரனைக் குறைக்க வாங்கிய கருவி, தனக்கென்று ஒரு காவல்காரனைக் கேட்கிறது.

டொலரும் மாதக் கட்டணமும்

கருவிகள் டொலரில் வருகின்றன, இறால் ரூபாயில் விற்கிறது. 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. நூறு டொலர்க் கருவி 20,000 ரூபாயிலிருந்து 36,000க்குப் போனது; கருவி அதேதான். 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 சதவீதமாக ஏறியது. வாங்கும் விலையையாவது ஒருமுறை தாங்கிவிடலாம். சிம் அட்டைக்கு ரீலோட், பதிவுகளைச் சேமிக்கும் வாடகை, பற்றரி மாற்றம், கோளாறு பார்க்க வருபவரின் போக்குவரத்துச் செலவு என்று பின்னால் வருபவை ஓய்வதில்லை. மாமாவின் கணக்குப் புத்தகத்தில் பிறீசருக்கு ஒரு பக்கம் உண்டு, ஐஸுக்கு ஒரு பக்கம் உண்டு. இந்த மாதக் கட்டணங்களுக்குப் பக்கமே இல்லை. எவ்வளவு போகிறது என்று தெரியாத செலவு, எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று தெரியாத இலாபம் இரண்டையும் வைத்துக்கொண்டு கருவி உதவியதா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது?

விற்றவர் கடை சாத்தினால்

அடுத்த சிரமம், கருவி நன்றாக இருக்கும்போதே செத்துப்போவது. ரிவோல்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை 300 டொலர் கொடுத்து வாங்கியவர்கள் 2016 மே மாதம் ஒரு காலை எழுந்தபோது அது வெறும் பெட்டியாகக் கிடந்தது. அதைச் செய்த நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட், சேவரை நிறுத்திவிட்டது. கூகுள் தன் பொருட்களின் இணையச் சேவையை 2023 ஆகஸ்டில் மூடியது. அதை நம்பிக் கருவி செய்தவர்கள் வேறிடம் தேடினார்கள். அமெரிக்காவில் 2022 பெப்ரவரியில் ஏடி அண்ட் டி தன் 3ஜி வலையை அணைத்தபோது பழைய எச்சரிக்கை மணிகளும் வாகனக் கருவிகளும் ஊமையாயின. தேய்ந்து கெடும் பொருளைத்தான் நம் வணிகருக்குத் தெரியும். தூர நகரமொன்றில் எடுத்த முடிவால் கெடும் பொருள் அவருக்குப் புதிது. சேவர் இல்லாவிட்டால் இந்தக் கருவி எதைச் செய்யும் என்பதை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். “ஒன்றும் செய்யாது” என்பது பதிலானால், அதை வாடகைப் பொருளாகவே கருத வேண்டும்.

ஒரு கருவி மற்றொன்றோடு பேசாமல் இருப்பதும் இதோடு சேர்ந்த தொல்லை. கமராவுக்கு ஓர் அப், பூட்டுக்கு ஓர் அப், இன்வேட்டருக்கு ஓர் அப் என்று விடுதி முதலாளியின் போன் நிறைகிறது. வீட்டுக் கருவிகளுக்குப் பொதுமொழியாக மேட்டர் என்ற தரநிலை 2022இல் வந்தது. ஆனால் ஐஸ் ஆலைக்கும் நெல் ஆலைக்கும் அது உதவாது.

எல்லோருக்கும் தெரிந்த சாவி

2016 ஒக்டோபர் 21ஆம் திகதி ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அந்தத் தளங்களுக்கு வழிகாட்டும் டின் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதல் அது. தாக்கியவை வீடுகளிலும் கடைகளிலும் இருந்த சாதாரணக் கமராக்களும் ரவுட்டர்களும். மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்ட சுமார் அறுபது பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அவற்றுக்குள் புகுந்தது. அதை எழுதிய மூவரும் அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். மீன் ஊருக்குப் பொருத்தமான இன்னொரு கதையும் உண்டு: வட அமெரிக்காவில் ஒரு சூதாட்ட விடுதியின் மீன்தொட்டிக்கு வெப்பநிலையும் தீனியும் பார்க்கும் இணைப்புக் கருவி வைத்திருந்தார்கள், திருடர்கள் அந்தத் தொட்டி வழியாக உள்வலைக்குள் நுழைந்து தரவை வெளியே கடத்தினார்கள். டார்க்ட்ரேஸ் நிறுவனம் 2017இல் இதை வெளியிட்டது.

இங்கே நிலைமை என்ன? கமரா பூட்ட வரும் தம்பி, கடவுச்சொல்லைத் தானே போட்டு, பெட்டியின் மேல் பேனையால் எழுதிவைத்துப் போகிறார். பத்துக் கடைக்கும் ஒரே சொல். அவருக்கு நினைவு வைக்க வசதி. முதலாளி அதை மாற்றுவதில்லை, மாற்றினால் பழுது பார்க்க அவர் வரும்போது சிக்கலாகிவிடும் என்ற பயம். பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்பதைத் தடைசெய்துவிட்டது. நம் சந்தைக்கு வரும் மலிவுக் கருவிகளுக்கு அந்தத் தடை இல்லை. அரசுக்கே பாடம் கிடைத்திருக்கிறது: 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மேகக்கணினி மீது நடந்த கப்பத் தாக்குதலில் சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்களை இழந்தன. அந்தக் காலத்துக்கான மறுபிரதி இல்லை.

பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

நம் கரையில் மிகப் பெரிய அளவில் நடந்த இணைப்புக் கருவிப் பரீட்சை கடலில்தான் நடந்தது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லை என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனைத் தடைசெய்தது. படகுகள் எங்கே நிற்கின்றன என்பதை அரசு அறியாதிருந்தது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதன்பின் ஆழ்கடல் போகும் ஏறத்தாழ 1,500 பலநாள் படகுகளில், செய்மதி வழியாக இடத்தைச் சொல்லும் கருவிகள் பூட்டப்பட்டன. 2016 ஜூனில் தடை நீங்கியது. கருவி தன் வேலையைச் செய்தது என்பதில் ஐயமில்லை. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போகும் பலநாள் படகுகளும் இந்த ஒழுங்குக்குள் வந்தன.

இந்தக் கதையை மூன்று ஆட்களின் கண்ணால் பார்க்க வேண்டும். மீனை ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஏற்றுமதியாளருக்குச் சந்தை திரும்பக் கிடைத்தது. படகு உரிமையாளருக்குக் கருவியைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் கடமை வந்தது. கடலில் நிற்கும் தண்டையலுக்கோ, தான் நிற்கும் இடம் இன்னொருவருக்குத் தெரியும் என்ற நிலை வந்தது. எந்த நீரில் சூரை கிடைக்கும் என்பது மீனவர் தன் தம்பிக்குக்கூட எளிதில் சொல்லாத சொத்து. புயலிலோ இயந்திரக் கோளாறிலோ அகப்பட்டால் அதே கருவி உயிர்காக்கும் என்பதும் உண்மை. இரண்டு உண்மையும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. எதை முதலில் எடுத்துச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பெட்டி காவலாகவோ வேவாகவோ படுகிறது.

கடைகளிலும் இதே நிலைதான். கமராவின் காசைக் கொடுப்பவர் முதலாளி, பார்க்கப்படுபவர் வேலையாள். லொறியில் ஜிபிஎஸ் போட்டதைச் சாரதிக்குச் சொல்லாமல் விட்டால், அவர் ஒருநாள் தானே கண்டுபிடிப்பார். அன்றிலிருந்து கருவிக்கு ஏதேதோ பழுது வரத் தொடங்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளர், ஊழியர் ஆகியோரின் தரவைக் கையாள்பவருக்குக் கடமைகளை விதிக்கிறது. அதன் முழு அமுலாக்கம் தள்ளிப்போடப்பட்டாலும், திசை தெளிவு. சட்டம் முழுதாக அமுலுக்கு வருவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கருவியை ஏன் வைக்கிறோம், யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று வேலையாளிடம் வாய்விட்டுச் சொல்வது.

துடுப்பும் காதும்

கல்லடிப் பழைய பாலத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது, 1924இல் திறந்தது. முழுநிலவு இரவில் அதன் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு, மேல்முனையில் காதை வைத்தால் வாவிக்கடியில் பாட்டுக் கேட்கும். மீன் பாடுகிறதா, ஊரி பாடுகிறதா என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. துடுப்பு எல்லாத் தோணியிலும் உண்டு. காதை வைத்தவருக்குத்தான் கேட்டது.

இணைப்புக் கருவிகளில் கடைசிச் சிரமம் அந்தக் காதுதான். இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் யார் எழும்புவது? முதலாளி ஊரில் இல்லாவிட்டால் யார்? கதவைத் திறந்ததற்கும், சிக்னல் விட்டு வந்ததற்கும் போன் அலறினால், மூன்றாம் நாள் அலறலின் வாயை மூடிவிடுகிறோம். நான்காம் நாள் உண்மையான எச்சரிக்கை வருகிறது. வரும் எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இரவுக் காவலுக்கு நிற்கும் முதியவருக்கு அது சிவப்பாக ஒளிரும் ஏதோ ஒன்று. கோளாறு என்றால் கொழும்பு இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். ஆள் வர நாளாகும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் மாவட்டத்தில் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. மோட்டார்சைக்கிளுக்கு ஊரிலேயே கராஜ் இருப்பதுபோல, இந்தக் கருவிகளுக்கும் பக்கத்தில் நாலு பிள்ளைகள் தேர்ந்திருந்தால் பாதிச் சிரமம் குறையும்.

மாமா கருவியைக் கழற்றி எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. ரவுட்டருக்கு யூபிஎஸ் ஒன்று வாங்கினார். எச்சரிக்கைகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை மருமகனைக்கொண்டு அணைப்பித்தார். எச்சரிக்கை வந்தால் அழைக்க வேண்டிய மூன்று இலக்கங்களையும் ஐஸ் கொடுக்கும் இடத்தின் இலக்கத்தையும் தமிழில் எழுதிப் பிறீசர் மூடியில் ஒட்டினார். பிறகு ஒரு தேநீர்க் கோப்பையில் தண்ணீர் உறையவைத்து, அதன் மேல் பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்து, இறாலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரவில் நெடுநேரம் கரண்ட் போய் ஐஸ் உருகி மறுபடி உறைந்தால் குற்றி அடியில் போய்க் கிடக்கும். இப்போது காலையில் மூடியைத் திறந்ததும் அவர் முதலில் பார்ப்பது அந்தக் கோப்பையை. போனை அதற்குப் பிறகுதான் எடுக்கிறார். அதிலும் முதலில் வாசிப்பது கீழே மங்கலாக இருக்கும் அந்த நேரத்தை.